புல்லும் மரமும்: ஃபோரார்ல்பெர்க் நாட்குறிப்பு

ஞாயிறு, பிரெகென்ஸ்

ஆஸ்திரியா என்றால் வியன்னா, சால்ஸ்பர்க், மிஞ்சினால் இன்ஸ்ப்ருக். நம்மவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். நான் இந்த முறை அந்த நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தை மட்டும் பார்ப்பதென்று வந்திருக்கிறேன். சூரிச்சில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தலைநகர் பிரெகென்ஸ் வந்துவிடுகிறது. வியன்னாவிலிருந்து வந்தால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும்.

இந்த மாநிலத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தூரம் முக்கியம். ஆஸ்திரியாவின் மற்ற பகுதிகளுக்கும் இதற்கும் நடுவே ஆர்ல்பெர்க் மலை நிற்கிறது. 1884-ல் அதைக் குடைந்து ரயில் விடும்வரை, பனிக்காலத்தில் இங்கிருந்து கிழக்கே போவதே பெரும்பாடு. பேச்சும் கிழக்கத்திய ஆஸ்திரியர்களின் பேச்சு இல்லை. எல்லைக்கு அப்பால் சுவிஸ்காரர்கள் பேசும் ஜெர்மனுக்கு நெருக்கமானது. முதல் உலகப் போர் முடிந்து பேரரசு உடைந்தபோது, 1919 மே மாதம் இங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சுவிட்சர்லாந்தோடு சேர்வதற்குப் பேச்சு நடத்தலாம் என்று சுமார் 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அது நடக்கவில்லை. வல்லரசுகள் ஒப்பந்தம் போட்டு ஆஸ்திரியாவோடேயே வைத்துவிட்டார்கள்.

பரப்பு 2,601 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை நாலு லட்சத்துக்குச் சற்று மேல். ஒன்பது மாநிலங்களில் வியன்னாவை விட்டால் பரப்பில் இதுதான் சிறியது.

பிற்பகலில் ஏரிக்கரைக்குப் போனேன். கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேலேயே கட்டியிருக்கும் ஓபரா மேடையைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1946-ல், போர் முடிந்த மறு ஆண்டே, சரளைக்கல் ஏற்றும் இரண்டு படகுகளை நிறுத்தி, ஒன்றில் மேடையும் மற்றதில் இசைக்குழுவுமாக மோட்சார்ட்டின் சிறு ஓபரா ஒன்றை நடத்தினார்கள். இன்றைக்குக் கரையில் சுமார் 7,000 பேர் உட்காரலாம். ஒவ்வொரு ஓபராவும் இரண்டு கோடைகாலம் நடக்கும். அதனால் இடையில் வரும் பனிக்காலம் முழுக்க அந்தப் பிரம்மாண்டமான அரங்க அமைப்பு தண்ணீரிலேயே நின்று காற்றையும் அலையையும் தாங்க வேண்டும். இசைக்குழு பக்கத்து அரங்கத்துக்குள் அமர்ந்து வாசிக்க, ஒலி மட்டும் வெளியே வருகிறது. விழா ஆகஸ்டிலேயே முடிந்துவிடுவதால் இந்தச் செப்டம்பரில் இருக்கைகள் காலி. ஆனாலும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் கம்பிவட ஊர்தியில் ஃபெண்டர் மலைக்கு. 1927-லிருந்து ஓடுகிறது. உயரம் 1,064 மீட்டர்தான் என்றாலும் ஏரி முழுவதும் தெரிகிறது. அங்கிருந்து பார்த்தால் ரைன் நதி ஏரியில் கலக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கரை கட்டி, அந்தக் கரைகளை ஏரிக்குள்ளேயே நீட்டிக்கொண்டு போயிருப்பது தெரியும். நதி கொண்டுவரும் வண்டல் பிரெகென்ஸ் பக்கத்து விரிகுடாவைத் தூர்த்துவிடாமல் ஆழமான இடத்தில் போய் விழட்டும் என்று செய்த வேலை. இந்த மண்ணில் எதுவும் தானாக அமையவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை.

திங்கள், க்ரும்பாஹ், லிங்கெனாவ்

டோர்ன்பிர்ன் வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் பேருந்து. பேருந்து மலையேறி பிரெகென்சர்வால்ட் பகுதிக்குள் நுழைகிறது. காடு என்று பெயர் இருந்தாலும் கண்ணுக்கு முதலில் படுவது புல்தான். சரிவெல்லாம் புல்வெளி, அதில் தள்ளித் தள்ளி மரவீடுகள், மேட்டுப் பகுதிகளில் ஊசியிலைக் காடு. 1902-லிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்குள் ஒரு குறுகிய பாதை ரயிலும் ஓடியது. பாறைச் சரிவால் 1980-ல் நின்றுபோனது. கடைசி ஐந்து கிலோமீட்டரில் மட்டும் இன்னும் பழைய எஞ்சின்களை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

க்ரும்பாஹ் சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். இங்கே நான் இறங்கியது பேருந்து நிறுத்தங்களைப் பார்க்க. ஆம், நிறுத்தங்களைத்தான். 2014-ல் இந்த ஊர்க்காரர்கள் சிலி, சீனா, ஜப்பான், ஸ்பெயின், ரஷ்யா, நார்வே, பெல்ஜியம் என்று ஏழு நாட்டுக் கட்டடக் கலைஞர்களை அழைத்து ஆளுக்கொரு நிறுத்தம் வடிவமைக்கச் சொன்னார்கள். உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும் கட்டித் தந்தார்கள். வந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது; இந்தப் பகுதியில் சில நாள் விருந்தாளியாகத் தங்கிப் போகலாம். அவ்வளவுதான். உலகப் பெயர் பெற்றவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஜப்பானியரான ஸோ ஃபுஜிமோட்டோவின் நிறுத்தம் மெல்லிய இரும்புக் கம்பிகள் அடர்ந்து நிற்கும் ஒரு சிறு தோப்பு, நடுவே மரப்படிகள். மழைக்கு ஒதுங்க முடியாது. அது எனக்குக் குறையாகத்தான் பட்டது. சிலிக்காரர் ஸ்மில்யான் ராடிச்சின் கண்ணாடி அறை எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே நாற்காலி, வெளியே ஒரு பறவைக்கூடு. நான் இருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து கைபேசியில் மூழ்கியிருந்தார்கள். கலைப்பொருள் என்று வேலி கட்டவில்லை. மணிக்கொரு பேருந்து வருகிறது, ஜனங்கள் ஏறுகிறார்கள்.

அப்புறம் லிங்கெனாவ். ஊர்ச் சீஸ் ஆலைகள் சேர்ந்து நடத்தும் முதிர்வு நிலவறை இங்கே இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சீஸ் வட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு இயந்திரம் வரிசைக்குள் நகர்ந்து ஒவ்வொரு வட்டையும் இழுத்து, உப்புநீரால் தேய்த்து, புரட்டி வைக்கிறது. மாதக்கணக்கில் இந்த வேலைதான். ஒரு கிலோ மலைச் சீஸுக்குப் பத்து லிட்டர் பால் போகிறது. ஒரு வட்டு முப்பது கிலோ அளவில் இருக்கும்.

இந்த ஊரின் கதை முழுவதும் அந்தப் பாலுக்குள் இருக்கிறது. ஃபோரார்ல்பெர்க் மலைச் சீஸுக்குப் பால் தரும் மாடு புளிக்கவைத்த தீவனம் தின்னக் கூடாது. கோடையில் பச்சைப் புல், பனிக்காலத்தில் காய்ந்த புல். மூட்டம் போட்டுப் புளிக்கவைத்த தீவனத்தில் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் பெருகும். அவை பாலுக்குள் போனால், மாதங்கள் கழித்து முதிர்ந்துவரும் சீஸ் உள்ளுக்குள் வாயு சேர்ந்து உப்பி வெடித்துவிடும். மற்ற நாடுகளில் இதற்கு மருந்து சேர்க்கிறார்கள், அல்லது பாலிலிருந்து வித்துகளை நீக்க இயந்திரம் வைக்கிறார்கள். இவர்கள் புல்லைக் காயவைக்கிறார்கள். மழை அடிக்கடி பெய்யும் மலைச்சரிவில் புல்லை வெட்டி, புரட்டி, ஈரம் போகக் காயவைப்பது எத்தனை பாடு என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தலைமுறைகளாக விடாமல் செய்வதால்தான் சரிவெல்லாம் புல்வெளியாக இருக்கிறது. நாம் படம் எடுக்கும் அந்த அழகு, இவர்கள் கையால் வெட்டி வைத்த அழகு.

செவ்வாய், ஷோனென்பாஹ்

இன்றைய நாளை எத்தனை எழுதினாலும் போதாது.

பெட்சாவில் தங்கியிருக்கிறேன். பேருந்தில் பிட்சாவ் வந்து, அங்கிருந்து குறுகிய பாதையில் ஏறினால் ஷோனென்பாஹ் வருகிறது. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில், சுற்றிலும் பாறை மலைகள் சூழ்ந்த ஒரு பரந்த புல்வெளி. அதில் சில டஜன் மரக்குடில்களும் ஒரு சிறு தேவாலயமும். இது ஆண்டு முழுக்க ஆள் வாழும் ஊர் இல்லை.

இங்கத்தைய விவசாயம் மூன்று படிகளில் நடக்கிறது. பனிக்காலம் முழுக்கக் குடும்பமும் மாடுகளும் பள்ளத்தாக்கு வீட்டில். மே மாதம் பனி விலகியதும் ஷோனென்பாஹ் போன்ற நடு மட்டத்துக்கு ஏறுகிறார்கள். ஜூலையில் அங்கே புல் தீர்ந்தால் இன்னும் மேலே, உச்சி மேய்ச்சலுக்கு. செப்டம்பரில் அதே வழியில் இறங்கி, நடு மட்டத்தில் மறுபடி வளர்ந்த புல்லை மேயவிட்டு, அதற்குப் பிறகுதான் வீடு. இதனால் பள்ளத்தாக்கு நிலத்தின் புல் முழுவதையும் பனிக்காலத்துக்கென்று காயவைக்க முடிகிறது. வீட்டு நிலம் சிறியது. அது மட்டும் இருந்தால் இத்தனை மாடு வளர்க்க வழியில்லை. இந்த முறையை ஆஸ்திரியா 2011-ல் தன் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் போனபோது மாடுகள் மேலிருந்து இறங்கி வந்திருந்தன. பழுப்பு நிற மாடுகள். கழுத்து மணிச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க. கோடையில் மலையில் எந்த அசம்பாவிதமும் நேராமல் இருந்தால், இறங்கும்போது மாடுகளின் தலையில் பூவும் தழையும் கட்டி ஊர்வலமாகக் கூட்டி வருவார்கள். ஆளோ மாடோ செத்திருந்தால் அலங்காரம் கிடையாது.

ஒரு குடிலின் வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னதும் நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனும் அவர் பேசிய ஜெர்மனும் பாதிதான் ஒத்துப்போயின. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கோடையும் இங்கே ஏறி வந்திருப்பதாகச் சொன்னார். சின்ன வயதில் படுக்கை, பாத்திரம், கோழி எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார்களாம்.

“இப்போதும் குடும்பத்தோடு வருகிறீர்களா?” என்று கேட்டேன்.

“மகன் வருவான், காலையில் பால் கறந்துவிட்டுக் கீழே வேலைக்குப் போவான். அவன் தச்சன். மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. பேரப் பிள்ளைகளை இங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு, நீங்களே பாருங்கள்” என்று சரிவைக் காட்டினார். இரண்டு பிள்ளைகள் ஓடைக்குள் நின்றிருந்தார்கள்.

அந்த ஒரு பதிலில் இந்தப் பகுதி இன்னும் உயிரோடு இருப்பதன் காரணம் எனக்குப் புரிந்தது. மாட்டை மட்டும் நம்பி யாரும் இல்லை. ஆனால் யாரும் மாட்டை விட்டுவிடவும் இல்லை. ஒருவருக்குத் தச்சுவேலை, இன்னொருவருக்கு ஆசிரியர் வேலை, அதோடு பத்துப் பதினைந்து மாடு. ஐரோப்பாவின் பல மலைப் பகுதிகளில் இளைஞர்கள் கீழே இறங்கிப் போய், புல்வெளிகளைப் புதர் மூடிவிட்டது. இங்கே அப்படி விடக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார்கள்.

மதியம் விடுதியில் கெஸ்க்னோப்ஃப்ளே சாப்பிட்டேன். மாவும் முட்டையும் கலந்த குழம்பான மாவை, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் துளைத் தட்டு வைத்து, நாம் பூந்தி தேய்ப்பது போலத் தேய்த்து விடுகிறார்கள். வெந்த உருண்டைகளை அள்ளி, இரண்டு மூன்று வகைச் சீஸைத் துருவி அடுக்கடுக்காகப் போட்டு, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். மரத்தொட்டியில் வைத்துத் தருகிறார்கள், கூடவே உருளைக்கிழங்கு சாலட். சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டை சேர்ந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மற்றபடி இந்த மாநிலத்தில் பசியோடு இருக்க வேண்டியதில்லை.

புதன், ஷ்வார்சென்பெர்க், ஆன்டெல்ஸ்புக்

ஷ்வார்சென்பெர்க் ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் பழைய வீடுகள் எல்லாம் மரச்செதில் போர்த்தியவை. விரல் நீளச் சிறு பலகைச் சில்லுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அறைந்து சுவர் முழுக்க மூடுகிறார்கள். வண்ணம் பூசுவதில்லை. வெயிலும் மழையும் பட்டு, சில ஆண்டுகளில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

ஊர்த் தேவாலயத்தில் ஆங்கெலிகா காஃப்மன் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. அவருடைய தந்தையின் ஊர் இது, தந்தையும் ஓவியர். 1755-ல் ஊர் எரிந்து தேவாலயத்தை மறுபடி கட்டியபோது, தந்தைக்கு உதவியாக வந்த அந்தப் பெண் சுவரில் அப்போஸ்தலர்களின் உருவங்களை வரைந்தார். அப்போது பதினாறு வயது. பின்னால் லண்டனில் ராயல் அகாடமி 1768-ல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இருந்த இரண்டே பெண்களில் ஒருவர். ரோமில் புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் இந்த ஊரை மறக்கவில்லை. உயர்பீடத்தின் ஓவியம் அவர் முதுமையில் அங்கிருந்து வரைந்து அனுப்பியது. பதினாறு வயதுக் கையையும் அறுபது வயதுக் கையையும் ஒரே கூரைக்கடியில் பார்க்க முடிகிறது. நான் சுவர் ஓவியங்களின் பக்கம். அவற்றில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

ஆன்டெல்ஸ்புக்கில் கைவினைஞர்களின் வீடு ஒன்று இருக்கிறது. தச்சர், நாற்காலி செய்பவர், கொல்லர், அடுப்பு கட்டுபவர், தையல்காரர் என்று இந்தப் பள்ளத்தாக்கின் பட்டறைக்காரர்கள் 1999-ல் சங்கமாகச் சேர்ந்தார்கள். 2013-ல் சுவிஸ் கட்டடக் கலைஞர் பீட்டர் ட்சும்தோர் வடிவமைப்பில் இந்தக் கூடத்தைக் கட்டினார்கள். கறுப்பு நிறப் பெரிய கூரை, கீழே நாற்புறமும் கண்ணாடி. பொருள்கள் மட்டும் இல்லை, அவற்றைச் செய்த பட்டறையின் பெயரும் கூடவே இருக்கிறது. ஒரு நாற்காலியின் மூட்டைத் தடவிப் பார்த்தேன். எங்கே சேர்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

வியாழன், ஆவ், ஷோப்பர்னாவ்

பள்ளத்தாக்கின் உள்முனை. இந்த ஊர்கள் ஒரு காலத்தில் ஆட்களைச் சோறு போட்டு வைத்துக்கொள்ள முடியாத ஊர்கள்.

முப்பது ஆண்டுப் போர் முடிந்த பிறகு தென் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இடிந்த மடங்களையும் தேவாலயங்களையும் எழுப்ப ஆள் தேவைப்பட்டது. ஆவ் ஊரைச் சேர்ந்த மிஹாயேல் பேயர் 1657-ல் இங்கே ஒரு கட்டடக்காரர் சங்கத்தை அமைத்தார். கொத்தனார், கல்தச்சர், சுதைவேலைக்காரர் எல்லாரும் வசந்தத்தில் நடந்தே கிளம்பி, பனி விழும் சமயம் திரும்புவார்கள். பனிக்காலத்தில் சிறுவர்களுக்கு வரைபடம் போடக் கற்றுத் தருவார்கள். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தைத் திட்டமிட்ட காஸ்பர் மோஸ்ப்ருக்கர் இந்த ஆவ்காரர். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் பிர்னாவ் தேவாலயத்தைக் கட்டிய பீட்டர் தும்ப் பிறந்தது நான் தங்கியிருக்கும் பெட்சாவில். அத்தனை பொன்னும் சுதையும் மின்னும் மண்டபங்களை எழுப்பியவர்கள், சின்ன மரவீடுகளிலிருந்து போனவர்கள்.

பெரியவர்கள் மட்டும் போகவில்லை. ஃபோரார்ல்பெர்க்கின் தெற்குப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் பக்கத்து டிரோலிலிருந்தும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை மார்ச் மாதம் தென் ஜெர்மனியில் இருக்கும் ஸ்வாபியாவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பனி மூடிய கணவாய்களில் நடை. ராவென்ஸ்புர்க் போன்ற ஊர்களின் சந்தையில் விவசாயிகள் வந்து பார்த்துப் பேசி அழைத்துப் போவார்கள். நவம்பர் வரை மாடு மேய்ப்பு, களை பறிப்பு. கூலி கொஞ்சம் பணமும் இரண்டு செட் உடையும். வீட்டில் சாப்பிட ஒரு வாய் குறைந்தது என்பதுதான் பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். 1921 வாக்கில், வெளியூர்ப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் சட்டம் வந்த பிறகே இது ஓய்ந்தது. அதாவது நம் தாத்தா பாட்டி காலம் வரை. இதைப் படித்த பிறகு இந்த அழகான சரிவுகளை வேறு கண்ணால்தான் பார்க்க முடிகிறது.

ஷோப்பர்னாவில் ஃப்ரான்ஸ் மிஹாயேல் ஃபெல்டரின் அருங்காட்சியகம். 1839-ல் இங்கே பிறந்த விவசாயி. குழந்தையாக இருந்தபோது தவறான சிகிச்சையால் ஒரு கண் போனது. அந்தக் காலத்தில் சீஸ் வியாபாரம் முழுவதும் சில பெரும் வணிகர்கள் கையில். விலை வைத்தது அவர்கள், கடன் கொடுத்ததும் அவர்கள். ஜனங்கள் அவர்களைச் சீஸ் பிரபுக்கள் என்றார்கள். பகலில் மாடு பார்த்து இரவில் படித்த ஃபெல்டர், விவசாயிகளே சேர்ந்து சீஸ் விற்கும் சங்கம் ஒன்றையும், மாடு செத்தால் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் காப்பீட்டுச் சங்கத்தையும் தொடங்கினார். ஊருக்கு நூலகம் ஒன்றும் வைத்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் சில காலம் ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. 1869-ல், முப்பது வயது ஆவதற்கு முன்பே, இறந்துபோனார்.

லிங்கெனாவில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்த வட்டுகளை இன்று நினைத்துக்கொண்டேன். விவசாயிகளே சேர்ந்து நடத்தும் ஆலைகள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்று சாதாரணம். ஒரு காலத்தில் அதைக் கேட்டதற்காக ஒரு மனிதனை ஊரை விட்டு விரட்டினார்கள்.

வெள்ளி, பெட்சாவ்

நாள் முழுக்க மழை. துணி துவைத்தேன், குறிப்புகளை ஒழுங்கு செய்தேன். போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: மே முதல் அக்டோபர் வரை, மூன்று இரவு அல்லது அதற்கு மேல் தங்கினால் விருந்தினர் அட்டை தருகிறார்கள். இந்தப் பகுதியின் பேருந்தும் கம்பிவட ஊர்திகளும் அதிலேயே அடங்கும். கார் தேவையே இல்லை.

சனி, லுஸ்டெனாவ், ஆல்டாஹ்

மலையிலிருந்து இறங்கி ரைன் சமவெளிக்கு வந்துவிட்டேன். இங்கே புல்வெளி இல்லை. ஆலை, சாலை, குடியிருப்பு. சுற்றுலாப் பயணி யாரும் இறங்குவதில்லை. இறங்க வேண்டும் என்பது என் கட்சி.

லுஸ்டெனாவ் பூத்தையல் ஊர். 18-ம் நூற்றாண்டில் சுவிஸ் நகரமான ஸாங்க்ட் காலெனின் வணிகர்கள் ஆற்றுக்கு இக்கரை வீடுகளுக்குத் துணியும் நூலும் கொடுத்து வேலை வாங்கியதில் தொடங்கியது. பிறகு இயந்திரங்கள் வந்தன. 1960-களிலிருந்து இந்த ஊரின் பெரிய வாடிக்கையாளர் நைஜீரியா. லாகோஸ் கல்யாணங்களில் உடுத்தும் கனமான லேஸ் துணி பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் போனது. நைஜீரிய வணிகர்கள், பெரும்பாலும் பெண்கள், நேரில் வந்து நிறமும் பூவேலையும் இப்படி வேண்டும் என்று சொல்லிச் செய்து வாங்கினார்கள். இரண்டு ஊர்ப் பெண்களின் ரசனையும் ஒரே துணியில் இருக்கிறது.

இந்த ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. ஆஸ்திரியா 1964-ல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. ஒரு காலத்தில் தன் பிள்ளைகளை வேலைக்கு வெளியே அனுப்பிய ஃபோரார்ல்பெர்க், அனடோலியக் கிராமங்களின் பிள்ளைகளை வேலைக்கு அழைத்தது. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்றுதான் இரண்டு தரப்பும் நினைத்தது. அவர்கள் இருந்துவிட்டார்கள். ஆனால் இறந்தால் உடல் விமானத்தில் சொந்த ஊருக்குப் போகும். இங்கே முறைப்படி அடக்கம் செய்ய அப்போது இடம் இருக்கவில்லை.

அதற்கு இடம் தர முன்வந்தது ஆல்டாஹ் என்ற சிற்றூர். 2012-ல் திறந்த இந்த இஸ்லாமியக் கல்லறைத் தோட்டத்தை வடிவமைத்தவர் பிரெகென்சர்வால்ட்காரரான பெர்னார்டோ பாடர். செம்மை படர்ந்த வெற்றுக் கான்கிரீட் சுவர்கள். அவற்றுக்கு இடையே ஐந்து அடக்கப் பகுதிகள், கல்லறைகள் எல்லாம் மெக்காவின் திசை நோக்கி. தொழுகை அறையின் திரையைப் போஸ்னியாவில் பிறந்த கலைஞர் அஸ்ரா அக்‌ஷாமியா செய்திருக்கிறார். உலோக வலையில் மரச்செதில்களைக் கோத்த திரை. ஷ்வார்சென்பெர்க் வீட்டுச் சுவர்களில் பார்த்த அதே செதில்! 2013-ல் இதற்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது.

அங்கே தன் தந்தையின் கல்லறைக்கு வந்திருந்த ஒருவரோடு பேசினேன். தந்தை நூற்பாலையில் வேலை பார்த்தவராம். “முதலில் அம்மா, அப்பாவைச் சொந்த ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். இப்போது வாராவாரம் வருகிறார்கள், பஸ்ஸில்” என்றார். பேச்சு சுத்தமான ஃபோரார்ல்பெர்க் ஜெர்மன். ஷோனென்பாஹ் பெரியவரின் பேச்சைப் போலவே எனக்குப் பாதிதான் புரிந்தது.

பிரெகென்ஸ் மேடைக்கும் பிரெகென்சர்வால்ட் சீஸுக்கும் வருகிறவர்கள் ஊர் திரும்பும் முன் ஒரு அரை நாளை இந்தச் சமவெளிக்கு ஒதுக்குங்கள். நான் மறுபடி வந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன். ஸ்வாபியாவுக்கு அந்தப் பிள்ளைகள் கிளம்பிப்போன மான்டஃபோன் போன்ற தெற்குப் பள்ளத்தாக்குகளை இந்த முறை பார்க்க நேரம் இல்லை. நாளைக் காலை ஃபெல்ட்கிர்ஹ் வழியாக சூரிச்.